இருபத்துநாலில் ஒரு பங்கு

பதினெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள கார் நிஜக் கார்போலத் தெரிய வேண்டுமானால் எங்கெங்கே, எவ்வளவு பொய் சொல்ல வேண்டும்? பிளாஸ்டிக் கிட் கட்டுபவர்களின் உலகத்தில் ஒரு சுற்று.

1970களின் நடுவில் ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்தில் ஒரு போர்ஷே 911 காரை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து பிரித்துப் போட்டார்கள். கதவு, சீட், எஞ்சின், சஸ்பென்ஷன் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, அளந்து, படமெடுத்துக்கொண்டார்கள். கழற்றியவர்களுக்குத் திரும்பப் பூட்டத் தெரியவில்லை. போர்ஷே மெக்கானிக்குகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. இத்தனை பாடும் எதற்கு? பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒட்டிச் சேர்க்கிற ஒரு பிளாஸ்டிக் காருக்கு அச்சு வெட்டுவதற்காக.

பிரிக்கச் சொன்னவர் டமியா நிறுவனத்தின் ஷுன்சாகு டமியா. 2025 ஜூலையில், 90 வயதில் காலமானார். அவர் பிரித்துப் பார்த்த காரிலிருந்து பிறந்த போர்ஷே 934 டர்போ கிட் 1976இல் வெளிவந்தது. அதே ஆண்டு அதே காரை வைத்து ரேடியோ கன்ட்ரோல் வண்டி ஒன்றையும் டமியா விட்டது. அந்த நிறுவனத்தின் முதல் ரேடியோ கன்ட்ரோல் கார் அதுதான். மாடல் கட்டுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும். நமக்காக ஒருவன் போர்ஷேயைப் பிரித்தான் என்ற பெருமை.

எனக்கு அதைவிட வேறொரு விஷயம்தான் வேடிக்கையாகப் படுகிறது. திருகாணி வரை அளந்துகொண்டு வந்த பிறகும், அளவையெல்லாம் பன்னிரண்டால் வகுத்து அப்படியே அச்சில் ஏற்றினால் கார் சரியாக வராது. கூரை தட்டையாகத் தெரியும், டயர் மெலிந்து தெரியும், ஏதோ ஒன்று இடிக்கும். நல்ல கிட் வடிவமைப்பாளர்கள் எல்லோரும் அளவை அங்கங்கே கூட்டிக் குறைக்கிறார்கள். கிட்டை வாங்கி வந்து கட்டுகிறவரும் தன் பங்குக்கு அதையேதான் செய்கிறார். காரை யாரும் அப்படியே சுருக்கிவிட முடியாது. பார்க்கிற கண்ணை நம்ப வைக்கலாம், அவ்வளவுதான்.

வகுத்தால் வராது

நமக்குத் தெரிந்த வண்டியை வைத்தே பார்ப்போம். அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். தலைப்பில் சொன்ன 1/24 அளவுக்கு இருபத்துநாலால் வகுத்தால் 18 சென்டிமீட்டர். உள்ளங்கையிலிருந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் எடையை 24ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும், அதாவது 13,824ஆல். சுமார் எண்பது கிராம் வரும். வார்ப்பு உலோகத்தில் செய்து விற்கும் கனமான கார்களைக் கையில் எடுத்ததும் 'வெயிட்டா இருக்கு, ஒரிஜினல் மாதிரி' என்கிறோமே, அது தலைகீழ். எடைக் கணக்குப்படி பார்த்தால் லேசான பிளாஸ்டிக் கார்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பெயின்ட்டில்தான் கணக்கு வசமாக மாட்டிக்கொள்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் மேல் உள்ள பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து சுமார் 100 மைக்ரான் கனம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 1/24 அளவில் அது நாலு மைக்ரானாக இருக்க வேண்டும். எந்த ஏர்பிரஷ்ஷாலும் அந்தக் கனத்தில் பிரைமர், கலர், கிளியர் மூன்றையும் அடிக்க முடியாது. மாடலின் மேலும் நாம் அடிப்பது ஏறக்குறைய அதே 100 மைக்ரான்தான். நிஜக் காரின் மேல் இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட்டை அப்பியதற்கு அது சமம். கதவு இடுக்குகள் மூழ்கிப்போகும், பெயர்ப்பலகை எழுத்துகள் மழுங்கும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் பெயின்ட் டப்பாவைத் தொடுவதற்கு முன்பே ஊசிமுனைக் கருவியால் எல்லா இடுக்குகளையும் மறுபடி கீறி ஆழமாக்குகிறார்கள். தேவைக்கு மேல் ஆழமாக்குகிறார்கள். பெயின்ட் வந்து அதைச் சரியாக்கிவிடும்.

மற்றதும் இப்படித்தான். கதவுக்கும் உடலுக்கும் நடுவே நிஜத்தில் நாலு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் இங்கே 0.17. முன் கண்ணாடி நிஜத்தில் ஐந்து மில்லிமீட்டர் இருந்தால் இங்கே 0.2, கிட்டில் வரும் கண்ணாடியோ ஒரு மில்லிமீட்டர், வங்கிக் கவுன்டரின் குண்டு துளைக்காத கண்ணாடி கெட்டது. சீட் பெல்ட் இரண்டு மில்லிமீட்டர் அகலம். ஸ்பார்க் பிளக் வயர் 0.3. பெயின்ட் காய்வதற்குள் ஒரு தலைமுடி மேலே விழுந்தால், நிஜக் காரின் பானட்டில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் பருமனில் ஒரு கயிறு ஒட்டிக்கொண்ட கதை.

நிறத்துக்கு வகுத்தல் கணக்கே கிடையாது. கம்பெனிக் கலரை டீலரிடமே வாங்கி மாடலில் அடித்தால், நிஜக் காரைவிட இருட்டாகத் தெரியும். தெருவில் காரைச் சில மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். நடுவில் காற்று இருக்கிறது, வெயில் இருக்கிறது, பெரிய பரப்பில் வானம் பிரதிபலிக்கிறது. மேசை மேல் இருப்பதற்கு இதெல்லாம் கிடையாது. ஆகவே கலரில் கொஞ்சம் வெள்ளை கலப்பார்கள். கறுப்புக் காருக்குக் கறுப்பே அடிக்காமல் மிக அடர்ந்த சாம்பல் அடிப்பவர்கள் உண்டு. மெட்டாலிக் கலரில் மின்னும் துகள்களையும் மாற்றியாக வேண்டும். நிஜக் காரின் துகளை அப்படியே போட்டால் மாடலின் மேல் ஜிகினா தூவியதுபோல் இருக்கும்.

ஷோரூமிலிருந்து, மரக்கடையிலிருந்து

கார் கிட்டின் பிறப்பிடம் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம். 1948இல் அங்கே 'அலுமினியம் மாடல் டாய்ஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கியது, பிறகு ஏ.எம்.டி. என்று சுருங்கியது. அவர்கள் செய்தது கடையில் விற்கும் பொம்மையல்ல. கார் கம்பெனிகள் ஒவ்வொரு வருடமும் புது மாடல் விடும்போது, அதே வடிவத்தில், அதே நிறத்தில் சின்னக் கார்களைச் செய்து டீலர்களுக்குக் கொடுப்பார்கள். அப்பா வண்டி பார்க்க வந்தால் பையன் கையில் ஒன்று. வண்டி வாங்காவிட்டாலும் பையன் அதைப் பார்த்துப் பார்த்து வீட்டில் நச்சரிப்பான் என்ற கணக்கு. 1958இல் இதே அச்சுகளை வைத்து, ஒட்டாத துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்றார்கள். ஒரே பெட்டியிலிருந்து கம்பெனிக் கார், ரேஸ் கார், அலங்காரக் கார் என்று மூன்றில் எதையும் கட்டலாம். அன்றைக்குப் பிடித்த 1/25 என்ற அளவை அமெரிக்கக் கிட்கள் இன்றுவரை விடவில்லை.

அதற்கும் முன்னால் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930இல் பையன்களுக்கு ஒரு போட்டி ஆரம்பித்திருந்தது. முதலில் கொடுத்த வேலை நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியின் மாதிரியைச் செய்வது. அந்த வண்டிதான் ஃபிஷர் பாடியின் சின்னம். 1937 முதல், தானே கற்பனை செய்த காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கில் செய்து அனுப்பலாம் என்றார்கள். பரிசு கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. 1947இல் முதல் பரிசு வாங்கிய சக் ஜோர்டன் என்ற பையன் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே துணைத் தலைவரானார். 1968 வரை நடந்த இந்தப் போட்டியைப் பொழுதுபோக்கு என்று சொல்வதைவிட, கம்பெனி தன் ஆட்களைப் பள்ளிக்கூட வயதிலேயே பொறுக்கிக்கொண்ட தந்திரம் என்று சொல்வதுதான் பொருந்தும். பெண் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஜப்பான் கதை மரக்கடையில் தொடங்குகிறது. ஷிஸுவோகா தச்சர்களின் ஊர். ஷோகன்கள் காலத்தில் கோயில் கட்ட வந்த தச்சர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அங்கே 1946இல் யோஷியோ டமியா ஒரு மரம் அறுக்கும் ஆலை வைத்தார். பக்கத் தொழிலாக மரத்துண்டுகளில் கப்பல், விமான மாதிரிகள். 1951இல் தீப்பிடித்து மரமெல்லாம் எரிந்துபோக, பக்கத் தொழிலே முழுத் தொழிலானது. அவருடைய மகன்தான் போர்ஷேயைப் பிரித்த ஷுன்சாகு. கப்பலைப் பிளாஸ்டிக்கில் செய்து 1960இல் விட்ட முதல் கிட் பெரிதாகப் போகவில்லை. அடுத்து வந்த பாந்தர் டாங்கி கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. டாங்கி மாடலுக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் 1/35 என்ற வினோத அளவு எப்படி வந்தது தெரியுமா? மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும்; அவற்றை வைத்துப் பார்த்தபோது வந்த அளவு அது. 1967இல் ஹோண்டாவின் ஃபார்முலா 1 காரை 1/12 அளவில் விட்டார்கள்.

டமியா மட்டுமல்ல, ஹசெகாவா, அயோஷிமா, ஃபுஜிமி என்று கிட் கட்டுபவர்கள் வாயில் நித்தம் புரளும் பெயர்கள் எல்லாம் அந்த ஒரே வட்டாரம். சிவகாசியில் பட்டாசுபோல அங்கே பிளாஸ்டிக் மாடல். வருடா வருடம் மே மாதம் ஷிஸுவோகாவில் நடக்கும் ஹாபி ஷோவுக்குப் பல நாட்டிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள், அடுத்த வருடம் என்ன கார் வரப்போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள. அமெரிக்கப் பக்கம் அவ்வளவு செழிப்பாக இல்லை. 1943இல் தொடங்கிய ரெவெல், தாய்க் கம்பெனி 2018இல் திவாலானபோது கைமாறி ஜெர்மன் முதலீட்டாளர்களிடம் போனது.

மேசை மேல்

பெட்டியைத் திறந்தால் கார் எதுவும் இருக்காது. ஜன்னல் கம்பிபோல ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் காய்த்துத் தொங்கும் நூறு, நூற்றைம்பது துண்டுகள், ஒரு பாலித்தீன் பையில் நாலு டயர், எண் போட்ட விளக்கப்படம். பொருள் பாலிஸ்டைரீன், இதை நுரைக்க வைத்தால்தான் தெர்மகோல். முதல் வேலை சட்டத்தோடு சேர்த்துச் சோப்புத் தண்ணீரில் கழுவுவது. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் பெயின்ட் நிற்காது.

சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டையும் நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இரண்டு அச்சுகள் சந்தித்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று காரின் முதுகிலும் தூண்களிலும் ஓடும். பிளாஸ்டிக் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பு ஏறிய பிறகு நன்றாகத் தெரியும். நகத்தை ஓட்டிக் கண்டுபிடிப்பார்கள். குழி இருந்தால் பட்டி. டிங்கரிங் கடையில் செய்வதேதான், பட்டி, தேய்ப்பு, பிரைமர், மறுபடி தேய்ப்பு. தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் அங்கேபோலத்தான்.

பிளாஸ்டிக்கை ஒட்டும் பசையை உண்மையில் பசை என்று சொல்ல முடியாது. தண்ணீர்போல இருக்கும் அந்தத் திரவம் இரண்டு விளிம்புகளையும் கொஞ்சம் கரைத்து ஒன்றோடொன்று உருக வைக்கிறது. காய்ந்த பிறகு அங்கே இரண்டு துண்டு கிடையாது. அவசரத்துக்குச் சூப்பர் குளூ போடுகிறவர்கள் கண்ணாடித் துண்டில் மாட்டிக்கொள்வார்கள். அதன் ஆவி பட்ட இடமெல்லாம் வெள்ளைப் படலம் படியும், விரல் வைத்த இடத்தில் ரேகை எழும்பும். போலீஸ் தடயவியல் துறை கைரேகை எடுப்பதற்கு வேண்டுமென்றே செய்வது இதைத்தான். கண்ணாடிக்கு வெள்ளை மரப்பசை போதும்.

பெயின்ட் அடிப்பதில் நம் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஏர்பிரஷ்ஷில் அடிக்கும் லாக்கர் பெயின்ட்டின் தின்னர் சட்டென்று ஆவியாகிறது. ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது. பளபளவென்று இருக்க வேண்டிய கறுப்பின் மேல் சாம்பல் பூத்துவிடும். விளக்கப்படம் எழுதிய ஜப்பானியருக்கு ஐப்பசி மாதத்துச் சென்னை தெரியாது. மெதுவாகக் காயும் தின்னரைக் கலப்பது ஒரு வழி. வெயில் நன்றாக ஏறிய பிறகு அடிப்பது இன்னொரு வழி. ஏசி அறையில் அடிப்பது மூன்றாவது, ஆனால் வீட்டில் மற்றவர்கள் குடியிருக்க வேண்டுமே. லாக்கர் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. ஜன்னல் பக்கம் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியும் முகத்துக்கு ரெஸ்பிரேட்டரும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. அறுவை சிகிச்சை மாஸ்க் எல்லாம் இதற்கு உதவாது.

முதல் கோட் வெறும் தூவல், அடியில் இருப்பது தெரிய வேண்டும். இரண்டாவது, மூன்றாவது கொஞ்சம் ஈரமாக. கடைசியில் கிளியர். நன்றாகக் காய்ந்த பிறகு பார்த்தால் ஆரஞ்சுத் தோல்போல் நுண்ணிய மேடு பள்ளம் இருக்கும். 2000ஆம் எண் தாளில் தொடங்கி மேலே மேலே மென்மையான தாளுக்குப் போய், பாலிஷ் தேய்த்து, குழல் விளக்கின் உருவம் உடையாமல் கூரையில் தெரிகிற வரை கொண்டுவர வேண்டும். விளிம்புகளில் ஒரு தேய்ப்பு அதிகமானாலும் கலர் கிழிந்து பிரைமர் எட்டிப் பார்க்கும். பழகியவர்கள் விளிம்பின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் தேய்ப்பார்கள்.

ரேஸ் கார் என்றால் அடுத்த கண்டம் டீகால். தண்ணீரில் நனைத்துத் தாளிலிருந்து நழுவ விட்டு ஒட்டும் மெல்லிய படம். வளைவான இடத்தில் படியாமல் முறைக்கும். மிருதுவாக்கும் திரவம் தடவினால் சுருங்கி, பார்ப்பவர் வயிற்றைக் கலக்கிவிட்டு, காய்ந்ததும் படிந்துவிடும். இதில் சரித்திரச் சிக்கல் ஒன்றும் உண்டு. 1988இல் நடந்த 16 பந்தயங்களில் 15ஐ வென்ற மெக்லாரன் எம்.பி.4/4, அயர்டன் சென்னாவின் கார், சிவப்பும் வெள்ளையும் போர்த்திய நடமாடும் மார்ல்போரோ சிகரெட் விளம்பரம். புகையிலை விளம்பரங்களுக்குக் கெடுபிடி வந்த பிறகு கிட் பெட்டிகளில் அந்த எழுத்துகள் வருவதில்லை. நிஜமாக ஓடிய காரைக் கட்ட விரும்புகிறவர் சின்னச் சின்னக் கம்பெனிகள் தனியாக அச்சடித்து விற்கும் சிகரெட் டீகாலைத் தேடி வாங்க வேண்டும். புகை பிடிக்காதவர்கள் மார்ல்போரோவுக்காக இப்படி அலைவது இந்த உலகத்தில் மட்டும்தான்.

பெட்டியில் வந்ததை ஒழுங்காக ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்தால் அழகான கார் ஒன்று கிடைக்கும். பலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள், நிறுத்தலாம். அடுத்த படிதான் டீட்டெயிலிங். எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஊசித் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய வயரை எடுத்து அந்தந்த பிளக்குக்குக் கொண்டுபோவார்கள். வரிசை மாறக் கூடாது; மாறினால் அந்த எஞ்சின் ஓடாது என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒரு ஆள் எப்படியும் வருவார். தரையில் கார்ப்பெட்டுக்கு நுண்ணிய இழைத்தூளைப் பசை மேல் தூவுவார்கள். சீட் பெல்ட்டின் கொக்கி, கிரில், வைப்பர் எல்லாம் அமிலத்தில் அரித்து எடுத்த உலோகத் தகடாகத் தனியே விற்கிறது. நெற்றிப் பூதக்கண்ணாடி இல்லாமல் கையாள முடியாது. ஜன்னலைச் சுற்றியுள்ள குரோம் பட்டைக்குப் பெயின்ட் அடிக்காமல், காற்றில் பறக்கும் அளவுக்கு மெல்லிய உலோகத் தாளை ஒட்டித் தேய்த்து, புதுப் பிளேடால் விளிம்பை வெட்டி உரிப்பார்கள். கை நடுங்கினால் அத்தனை நாள் தேய்த்த பெயின்ட்டின் மேலேயே வெட்டு விழும்.

இங்கேதான் என் கருத்து பலரோடு ஒத்துப்போவதில்லை. போட்டிகளில் எல்லாக் கதவும் திறந்து, எஞ்சினில் எல்லா வயரும் தெரிந்து, ஒவ்வொரு போல்ட் தலையும் மின்னுகிற கார்களுக்குக் கூட்டம் கூடும். கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாமே ஒரே தெளிவில் தெரியும். நிஜ எஞ்சினில் அப்படித் தெரியாது. பாதி எண்ணெய்க் கறையிலும் நிழலிலும் கிடக்கும். எதை மங்கலாக விடுவது என்று தெரிந்தவர் கட்டிய கார்தான் எனக்கு ஓடிய காராகத் தெரிகிறது.

எல்லாம் முடித்து அலமாரியில் வைத்தாலும் நிம்மதி கிடையாது. பழைய கிட்களில் வரும் மென்மையான வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் வருடக் கணக்கில் பிளாஸ்டிக் சக்கரத்தை அரித்துக் கரைத்துவிடும். டயர் தன் சக்கரத்தையே தின்றுவிடும் வேடிக்கை. சக்கரத்தின் மேல் உலோகப் பெயின்ட் அடித்து நடுவில் ஒரு தடுப்பு வைப்பார்கள்.

இதற்கெல்லாம் அப்பால் போனவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் டூரின் நகரத்து போகெர் கம்பெனி எட்டில் ஒரு பங்கு அளவில் விட்ட ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் கிட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். சக்கரத்தின் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாக நாமே கோக்க வேண்டும். இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்ரோவ் கிட்டே வாங்கவில்லை. பதினைந்தில் ஒரு பங்கு என்று தனக்கென்று ஒரு அளவை வைத்துக்கொண்டு, உலோகத்தை லேத்தில் கடைந்து, தகட்டை வளைத்து, 1930களின் பெரிய கார்களை முழுக்கத் தன் கையாலேயே செய்தார். அவை வீட்டு அலமாரிக்குப் போகவில்லை, சேகரிப்பாளர்களிடம் போயின.

எல்ஜின் பார்க்

கட்டியவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மைக்கேல் பால் ஸ்மித் விட்டுப்போய்விடுவார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1950இல் பிறந்து, மாசசூசெட்ஸில் வாழ்ந்து, 2018இல் இறந்தவர். சுவருக்கு அலங்காரத் தாள் ஒட்டுவது, தபால் பட்டுவாடா என்று பல வேலை பார்த்தவர். கட்டிடக் கலை நிறுவனத்தில் மாதிரி செய்பவராகவும் இருந்தார். அவரிடம் நூற்றுக்கணக்கில் 1/24 உலோகக் கார்கள் இருந்தன, கடையில் வாங்கியவை. அவற்றுக்கு ஏற்ற அளவில் வீடு, கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் அவரே செய்தார். எல்ஜின் பார்க் என்று இல்லாத ஒரு ஊரை உண்டாக்கி, அங்கே 1950களை ஓட விட்டுப் படமெடுத்தார்.

படங்களை இணையத்தில் கோடிக்கணக்கான முறை பார்த்தார்கள். பலர் அவை உண்மையான பழைய புகைப்படங்கள் என்றே நினைத்தார்கள். கம்ப்யூட்டர் வேலை எதுவும் இல்லை, விலை உயர்ந்த கேமராவும் இல்லை. மடக்கு மேசையைத் தெருவோரம் கொண்டுபோய்ப் போட்டு, மேலே மாதிரி வீதியை அடுக்கி, பின்னால் தெரிகிற நிஜ மரமும் நிஜ வீடும் மாதிரியோடு ஒட்டிக்கொள்ளும்படி கேமராவை வைத்தார். கணக்கு இதுதான். 1/24 கார் ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால், நிஜக் கார் 24 மீட்டர் தூரத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகத் தெரியும். ஆகவே நிஜ வீடு 24 மீட்டரோ அதற்கும் அப்பாலோ இருந்தால் போதும். இரண்டும் ஒரே ஊராகிவிடும்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் ஆட்கள் மாடல் காரை நின்றபடி மேலிருந்து படம் பிடிப்பார்கள், அது ஹெலிகாப்டரிலிருந்து பார்க்கிற பார்வை. நிற்கிற மனிதனின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 24ஆல் வகுத்தால் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. செல்போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸை மேசையிலிருந்து அந்த உயரத்துக்கு இறக்கினால் போதும்.

நம் ஊர் வண்டி

நம் ஊரில் இந்தப் பழக்கம் பரவாததற்கு முதல் காரணம் விலை. சுங்கத் துறைப் பட்டியலில் பொம்மைகளும் அளவு மாதிரிகளும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. 2020 பட்ஜெட்டில் அதன் தீர்வை 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றச் செய்தது; உள்ளூரில் யாரும் செய்யாத கிட்டுகளும் அதில் மாட்டிக்கொண்டன. அதன் மேல் ஜி.எஸ்.டி., அனுப்பும் செலவு. பெயின்ட் எரியும் திரவம் என்பதால் விமானத் தபாலில் வராது. இத்தனையும் கொடுத்து வாங்கி வந்து, "என்ன தம்பி, இவ்வளவு காசு குடுத்தும் நீயேதான் ஒட்டணுமாமே?" என்று அத்தை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது காரணம், நம் கார்களுக்குக் கிட் இல்லை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் பூட்டிய, சென்னைக்கே சொந்தமான வண்டி. அதன் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் 1/32 அளவில் கிட் விட்டது. ஆனால் அது இரண்டு கதவு. நாலு கதவு ஹெரால்ட் 1960களின் கடைசியில் இங்கே மட்டும் செய்தது. அப்பா ஓட்டிய ஹெரால்டைக் கட்ட நினைப்பவர், கதவுக் கோட்டைப் பட்டியால் அடைத்து, நடுத்தூணை நகர்த்தி, பின் கதவுகளைத் தன் கையால் கீற வேண்டும். எதைப் பார்த்துக் கீறுவது? நிஜ வண்டியைத் தேட வேண்டும். ஒரு மாலை முழுக்கக் கோயம்புத்தூர் ஜீடி கார் மியூசியத்தில் பழைய வண்டிகளின் சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கைப்பிடியையும் திருகையும் படமெடுக்கிற ஆளைப் பார்த்தால், அவர் வண்டி வாங்க வந்தவராக இருக்க மாட்டார்.

அம்பாசிடருக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சென்டி கம்பெனியின் பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசிடர், திருவிழாக் கடையிலும் கிடைக்கும். குழந்தைக்கான சாமான்தான், ஆனால் உடலின் வளைவு மோசமில்லை. அடியில் உள்ள திருகுகளைக் கழற்றி, ஸ்பிரிங் மோட்டாரைத் தூக்கி எறிந்துவிட்டு, சக்கரத்தை மாற்றி, தடித்த கண்ணாடிக்குப் பதில் மெல்லிய ஒளிபுகும் தாளை வெட்டி வைத்து, உருண்டையாக வார்த்திருக்கும் பம்பருக்கும் கிரில்லுக்கும் புதிதாகச் செய்து வைக்கிறார்கள். கிரில்லில்தான் கவனம் வேண்டும். கம்பி வரிசையைப் பார்த்தே மார்க் 2ஆ, மார்க் 3ஆ, மார்க் 4ஆ என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் இன்னும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். 2014இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றதோடு அவர்கள் ஞாபகம் நின்றுவிடவில்லை.

அம்பாசிடரில் பெரிய சோதனை அதன் வெள்ளை. மாடல் பெயின்ட்டில் வெள்ளையைவிடக் கஷ்டமான நிறம் இல்லை. அடியில் இருப்பதை மறைக்காது. மறைக்கிற வரை அடித்தால் கனமாகி இடுக்குகளை மூடும். ஒரு தூசி விழுந்தாலும் தெரியும். அடியில் சிவப்போ நீலமோ பிளாஸ்டிக் இருந்தால் நாள் போகப்போக மேலே கசியும். சென்டி வண்டி நிறப் பிளாஸ்டிக் என்றால் முதலில் வெள்ளிக் கலர் ஒரு கோட் அடித்துக் கசிவைத் தடுத்துவிட்டு, அதன் மேல் வெள்ளை பிரைமர். கடைசியில் தூய வெள்ளை வேண்டாம்; துளி மஞ்சள், துளி பழுப்பு கலந்தால்தான் அரசாங்க வெள்ளை வரும். கதவு இடுக்கில் கறுப்பு மை ஓட விடுகிற பழக்கம் இங்கே உதவாது, கார்ட்டூன் ஆகிவிடும். வெளிர்ச் சாம்பல் போதும்.

அமைச்சர் வண்டியாகக் கட்டுகிறவர்கள் வருடத்தை யோசித்துக்கொள்ள வேண்டும். சிவப்புச் சுழல் விளக்கு வைப்பதானால் 2017 மே மாதத்துக்கு முந்தைய வண்டியாகத்தான் இருக்க முடியும். அதன் பிறகு தடை. பின் ஜன்னல் திரைக்கு டிஷ்யூ பேப்பரை மரப்பசை கலந்த தண்ணீரில் நனைத்து மடிப்பு மடிப்பாகக் காய வைக்கலாம், நன்றாக வரும். பின் சீட்டின் மேல் விரிக்கும் வெள்ளைத் துண்டுக்கு மட்டும் டிஷ்யூவை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூத்துவாலை பூத்துவாலையாகத் தெரிய வேண்டும். கார்ப்பெட்டுக்கு வாங்கிய இழைத்தூளில் வெள்ளை இருந்தால், பசை தடவிய மெல்லிய தாளின் மேல் அதைத் தூவி, காய்ந்ததும் வெட்டிப் போடுங்கள். நாலரை சென்டிமீட்டர் நீளம், இரண்டரை சென்டிமீட்டர் அகலம். சுருக்கம் ஒன்றிரண்டு இருக்கட்டும், ஐயா இப்போதுதான் இறங்கிப் போயிருக்கிறார்.